அமைதியான அறை தேடி இரும்புச் சந்தைக்குப் போன கதை: ராயபுரம் – காட்டுப்பள்ளி – சாத்தாங்காடு

இந்தத் தளத்தில் நான் வழக்கமாக எழுதுவது ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய இடங்களைப் பற்றி. இந்த முறை போனதும் ஒருநாள் பயணம்தான், வட சென்னையைத் தாண்டிக் கொஞ்ச தூரம். ஆனால் சுற்றிப் பார்க்கப் போகவில்லை, நன்கொடை கேட்கப் போனேன். போன ஆவணியில் ஒரு வியாழக்கிழமை. “இதையெல்லாமா பயணக் கட்டுரைன்னு போடுவே?” என்று வீட்டில் கேட்டார்கள். ரயில் இருந்தது, ஆட்டோ பேரம் இருந்தது, வெயிலும் பசியும் இருந்தன. வேறென்ன வேண்டும்? உங்கள் ஊரிலும் சின்னக் குழு ஒன்றுக்காக யாராவது இப்படிப் படியேறிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் குழுவைப் பற்றி. என் வீட்டுக்காரர் ராணுவத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். துப்பாக்கியைவிடத் தட்டச்சு மெஷினைத்தான் அதிக நாள் பிடித்திருந்தார் என்று நான் கேலி செய்வேன். அவருடைய பழைய நண்பர்கள் வழியாகத்தான் குழு சேர்ந்தது. எல்லையில் சண்டையையும் குண்டுவெடிப்பையும் பார்த்துவிட்டுத் திரும்பிய எட்டுப் பேர், அவர்களுடைய குடும்பங்கள். எல்லோரும் ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கத்து ஆட்கள். பென்ஷன் வருகிறது, ஆஸ்பத்திரிக்கும் வழி இருக்கிறது. இல்லாத ஒன்று, தங்களைப் போலவே பட்டவர்களோடு உட்கார்ந்து பேச ஓர் இடம். அதற்காகக் கல்மண்டபத்தில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்துச் சனிக்கிழமை காலைகளில் கூடினோம். மனநல ஆலோசகர் ஒருவர் வருவார். மனைவிகள் நாங்கள் தனியாக ஒரு பக்கம் உட்காருவோம். அதிக அழுகையும் அதிகச் சிரிப்பும் எங்கள் பக்கம்தான்.

வாடகையையும் ஆலோசகர் கட்டணத்தையும் ஓர் அறக்கட்டளை கொடுத்துவந்தது. இந்த வருடம் அவர்கள் வேறு பணிகளுக்கு மாறிவிட்டார்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் நிறுத்தினார்கள், குறை சொல்ல மாட்டேன். பணம் நின்றது பாதித் தலைவலி என்றால், அந்த அறை மீதித் தலைவலி. வாடகை குறைவு என்று சந்தோஷமாகப் பிடித்தோமே தவிர, சுடுகாட்டுக்குப் போகிற வழியில் அது இருப்பது எங்கள் ஒருவர் மண்டையிலும் உறைக்கவில்லை. வட சென்னையில் மேளமும் வெடியும் இல்லாமல் சாவு ஊர்வலம் நகராது. செத்தவருக்குச் செய்கிற கடைசி மரியாதை அது, அதன்மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. எங்கள் முட்டாள்தனத்தின் மேல்தான் புகார்.

ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை ஜன்னலுக்கு நேர் கீழே சரவெடி வெடித்தது. ஆண்டனி மேசைக்கு அடியில் போய் விழுந்தார். கையிலிருந்த கண்ணாடித் தம்ளர் உடைந்து உள்ளங்கையில் நான்கு தையல். ஆண்டனி காசிமேட்டுக்காரர், தரைப்படையில் நாயக்காக இருந்தவர். தனக்கு முன்னால் போன வண்டி கண்ணிவெடியில் சிக்கியதைக் கண்ணெதிரே பார்த்தவர். வீட்டுக்கு வந்த பிறகு வாரத்தில் ஆறு நாள் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பார், சனிக்கிழமை ஒன்றுக்குத்தான் செருப்பு மாட்டுவார். வெடி வெடித்த அடுத்த வாரம் மூன்று பேர் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் ஒருவரும் வரவில்லை. சனிக்கிழமையும் போய்விட்டால் அவர் உள்ளேயே முடங்கிவிடுவார் என்று அவர் மனைவி ஸ்டெல்லா பயந்தாள். எனக்கும் அதே பயம்தான். ஆகவே ஓர் அமைதியான இடமும் அதற்குப் பணம் கொடுக்க ஒரு கையும் கிடைக்காமல் வீடு திரும்புவதில்லை என்று நாங்கள் இருவரும் கிளம்பினோம்.

காலை 7.40க்கு ராயபுரம் ஸ்டேஷன். ஸ்டெல்லா தண்டையார்பேட்டையில் தையல் கம்பெனியில் வேலை செய்கிறாள், அன்றைக்கு லீவு போட்டிருந்தாள். பார்த்தால் பின்னால் ஆண்டனியும் நிற்கிறார்.

“இன்னா பண்றதுக்கா, எதிர் வூட்டு தாத்தா ராத்திரி போய்ட்டாரு,” என்றாள் ஸ்டெல்லா. “சாய்ங்காலம் அஞ்சு மணிக்கு எடுக்குறாங்கோ. வெடி வாங்கி வாசல்லயே வெச்சிகீறாங்க. இவர வூட்ல வுட்டுட்டு நா எப்டி வர்றது? அதான் இட்டாந்துட்டேன்.”

ஆண்டனி எனக்கு ஒரு வணக்கம் வைத்தார், அவ்வளவுதான். ராயபுரத்திலிருந்து மீஞ்சூருக்கு டிக்கெட் ஆளுக்குப் பத்து ரூபாய். கடற்கரை ஸ்டேஷனிலிருந்து இந்த வழியாக வரும் வண்டிகள் குறைவு. தவறவிட்டால் கொருக்குப்பேட்டை போய் மாறிக்கொள்ளுங்கள், காத்திருக்காதீர்கள். ஏறினதும் முதுகுக்குச் சுவர் இருக்கிற சீட்டாகப் பார்த்து உட்கார்ந்தார் ஆண்டனி. ஓடுகிற ரயிலின் சத்தம் அவரை ஒன்றும் செய்யவில்லை, எண்ணூர் தாண்டும்போது கண்ணயர்ந்துகூட விட்டார். அப்போதே எனக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். நான் ஜன்னல் வழியாகக் கழிமுகத்தையும் அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகளையும் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தேன்.

மீஞ்சூரில் இறங்கினால் காட்டுப்பள்ளிச் சாலைக்கு ஆட்டோதான். போக, வர, காத்திருக்கச் சேர்த்து ஆயிரத்து இருநூறு கேட்டார் டிரைவர்.

“டிரெய்லருங்க நின்னுச்சுன்னா நாம்பளும் நிக்கணும்மா. அந்த ரோட்ல நேரத்துக்கு யாரும் பொறுப்பு இல்ல,” என்றார்.

தொள்ளாயிரத்துக்குப் படிந்தது. அவர் சொன்னது உண்மை. பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஐம்பது நிமிடம் ஆனது, முன்னாலும் பின்னாலும் கன்டெய்னர் லாரிகள். குடிக்கத் தண்ணீர் கொண்டுபோய்விடுங்கள், வழியில் நிழலே கிடையாது.

நாங்கள் போனது அந்தச் சாலையில் உள்ள ஒரு கிடங்கு நிறுவனம். பெயர் வேண்டாம். சமூகப் பொறுப்பு நிதியைக் கவனிக்கும் அதிகாரி, முப்பத்தைந்து வயதுக்காரர், எங்களை மரியாதையாகவே உட்காரவைத்தார். குளிரூட்டிய அறை, தரையில் விரிப்பு, ஊசி விழுந்தால் கேட்கும் நிசப்தம். இப்படி ஓர் அறை கிடைத்தால் போதுமே என்று எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது.

“கம்பெனிச் சட்டத்துலயே முன்னாள் படைவீரர் நலன் இருக்கு மேடம். எங்களுக்கும் செய்யணும்னுதான் ஆசை,” என்றார் அதிகாரி. “ஆனா எட்டுப் பேர்னு சொல்றீங்க. இருநூறு பேருக்காவது போய்ச் சேருதுன்னு காட்டினாத்தான் நான் மேல அனுப்ப முடியும்.”

“இருநூறு பேருக்கு இப்படி ஆகிற வரைக்கும் நாங்க காத்திருக்கணுமா சார்?” என்று கேட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவர் தலையைக் குனிந்துகொண்டார், பாவம். அவர் கையில் என்ன இருக்கிறது?

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து அறையில் யாருக்கோ பிறந்த நாள். கேக் வெட்டியிருக்கிறார்கள். கலர் காகிதம் தூவுகிற குழாயைத் திருகினால் ‘டப்’ என்று ஒரு சத்தம் வருமே, அதுதான். ஆண்டனி நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழுந்தார். எழுந்து சுவரோடு ஒட்டி நின்றார், உடம்பு நடுங்கியது. ஸ்டெல்லா பதறவில்லை. அவர் முன்னால் போய் நின்று, தொடாமல், “நான்தான், ஸ்டெல்லா. காட்டுப்பள்ளில கீறோம். பொறந்த நாளு, வேற ஒண்ணும் இல்ல,” என்று மெதுவாகத் திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்த அதிகாரி முகம் வெளுத்துப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வாசல்வரை வந்து, “இதை நான் எழுதி மேல அனுப்பறேன் மேடம், எட்டுப் பேர்னாலும்,” என்றார்.

ஆட்டோவில் எனக்கு அழுகை முட்டியது. அடுத்த இடம் சாத்தாங்காடு. இரும்பு, எஃகு மொத்தச் சந்தை. இந்த நிலைமையில் ஒரு மனுஷனை இரும்பு ஏற்றி இறக்குகிற இடத்துக்கு அழைத்துக்கொண்டு போவதா? நேராக வீட்டுக்குப் போய்விடலாம் என்றேன்.

“வூட்டுக்குப் போனா மட்டும் இன்னா?” என்றாள் ஸ்டெல்லா. “சாவு இன்னும் எடுக்கல. அங்க போயி வெடிகிட்ட மாட்றதா? இன்னிக்கு லீவு போட்டதுக்கு சம்பளம் புடிப்பான்க்கா. ஒரு எடம் கீது, அதையும் பாத்துட்டே போலாம். நீ பேஜாராவாத, வா.”

ஆண்டனியிடமும் கேட்டோம். “வரேன்,” என்றார். அன்றைக்கு அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

மறுபடி மீஞ்சூர், அங்கிருந்து ரயிலில் திருவொற்றியூர். ஸ்டேஷனுக்கு அருகில் ஒரு மெஸ்ஸில் சாப்பாடு தொண்ணூறு ரூபாய், மீன் குழம்பு கேட்காமலேயே இரண்டாம் முறை ஊற்றுகிறார்கள். சாப்பிட்டதும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அங்கிருந்து சாத்தாங்காட்டுக்கு ஷேர் ஆட்டோ ஆளுக்கு இருபது ரூபாய். மூன்று மணிக்குச் சந்தைக்குள் இருந்தோம்.

சாத்தாங்காட்டைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். கண்ணுக்கெட்டிய வரை கம்பி, தகடு, குழாய், சுருள். லாரிகள் பின்னுக்கு வந்துகொண்டே இருக்கும். சத்தம் காதோடு நிற்காது, பல்லுக்குள் வரும். நாங்கள் பார்க்கப் போனவர் பொன்ராஜ். குடும்பம் தூத்துக்குடிப் பக்கம், அப்பா காலத்திலிருந்து இங்கே தகடு வியாபாரம். என்னைவிடப் பத்து வயது இளையவர், ஆனாலும் சந்தையே அண்ணாச்சி என்று கூப்பிடுவதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். ஆண்டனி உள்ளே வரவில்லை. கடை வாசலில் பெஞ்சில் டீயோடு உட்கார்ந்துகொண்டார்.

கேட்டதும் பொன்ராஜ் சுற்றி வளைக்காமல் சொன்னார். “இங்க மகமைன்னு ஒண்ணு வச்சிருக்கோம்க்கா. ஒவ்வொரு லோடு எடை போடும்போதும் ஒரு சின்னத் தொகைய எடுத்து வச்சிருவோம். லாபமோ நட்டமோ, அது தனி. ஆனா அதைப் பணமா யார் கையிலயும் குடுக்கிற வழக்கம் இல்ல. பொருளாத்தான் செய்வோம். பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு, தெருவுக்குத் தண்ணித் தொட்டி, இப்படி.”

“எங்களுக்கு வேண்டியது ஒரு அமைதியான அறை அண்ணாச்சி,” என்றேன்.

“அறைதானே? எடை மேடைக்கு மேல ஒரு ஹால் கெடக்கு. சந்தைக்காரங்க மாசத்துக்கு ஒருக்கா கூட்டம் போடுவோம். மத்த நாளெல்லாம் பூட்டித்தான் கெடக்கு. சனிக்கிழமை நீங்க எடுத்துக்கிடுங்க.”

அவர் சொல்லி வாய் மூடவில்லை, வெளியே லாரியிலிருந்து ஒரு தகடு விழுந்தது. மேசைமேல் இருந்த டீ தளும்பியது. காலையிலிருந்து அடக்கிவைத்த கோபமெல்லாம் அந்த நல்ல மனுஷர் தலையில் இறங்கியது. “அண்ணாச்சி, வெடிச் சத்தம் தாங்க முடியாம ஓடி வர்றவங்களுக்கு நீங்க இரும்புச் சந்தைக்கு நடுவுல எடம் குடுக்குறீங்களே, விளையாடறீங்களா?” என்றேன்.

நான் பேசி முடிப்பதற்குள் ஸ்டெல்லா எழுந்து வாசலுக்கு ஓடினாள். ஆண்டனி வாசலில்தானே இருந்தார்! பின்னாலேயே நானும் ஓடினேன்.

பெஞ்சு காலி. டீ கிளாஸ் பெஞ்சின்மேல் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. லாரிக்கு இருபதடி தள்ளி, எழுந்து போய், நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார் ஆண்டனி. கைகள் காதில் இல்லை, உடம்பில் நடுக்கமும் இல்லை. லாரிமேல் நின்ற தொழிலாளி தகட்டின் ஒரு முனையைத் தூக்கி, “வருது!” என்று கத்தினார். கீழே நின்றவர் விலகி, சுற்றிப் பார்த்து, “போடு!” என்று பதில் குரல் கொடுத்தார். அதன் பிறகுதான் தகடு விழுந்தது. பூமியே அதிர்ந்த அந்தச் சத்தத்துக்கு ஆண்டனி கண் சிமிட்டினார், அவ்வளவுதான். அடுத்த தகடு. “வருது!” “போடு!” மறுபடி அதிர்வு. இந்தச் சந்தையில் பதில் வராமல் யாரும் இரும்பைக் கைவிட மாட்டார்கள். கால் போய்விடும் இல்லையா, அதனால் வந்த வழக்கம்.

ஸ்டெல்லா அவர் பக்கத்தில் போய் நின்றாள். அவர் அவளைப் பார்க்காமல் லாரியையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

“சொல்ட்டு போட்றாங்கோ ஸ்டெல்லா.”

அடுத்த தகடு விழுந்ததும், “அங்க, பார்டர்ல, ஒர்த்தனும் சொல்லல,” என்றார்.

ஸ்டெல்லா அழுதாள். காட்டுப்பள்ளியில் கலங்காதவள், நடு மார்க்கெட்டில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கும் தாங்கவில்லை. மூன்று வாரமாக அமைதி, அமைதி என்று நான் தேடியது தப்பு. பஞ்சு வைத்த மாதிரி நிசப்தமான அறையில் சின்ன ‘டப்’ அவரைக் கீழே தள்ளியது. இங்கே டன் கணக்கில் இரும்பு விழுகிறது, அவர் நிற்கிறார். சத்தத்தைவிட, சொல்லாமல் வருவதுதான் அவரை வதைத்திருக்கிறது.

நான் திரும்பி பொன்ராஜிடம் மன்னிப்புக் கேட்டேன். “அட விடுங்கக்கா,” என்றவர், ஆண்டனியையே கொஞ்ச நேரம் பார்த்தார். “நான் ஒருத்தன் முடிவு பண்ண முடியாது. கூட்டத்துல வச்சுச் சொல்லுதேன். பெஞ்சு குடுக்கிறதும் ஹால் குடுக்கிறதும் ஒண்ணுதான்.” மேலே போய் ஹாலைப் பார்த்தோம். சுவர் நிறையத் தூசி, இரண்டு ஜன்னல், கீழே நடப்பதெல்லாம் அங்கிருந்து தெரிகிறது. ஆண்டனியே ஒரு நாற்காலியை இழுத்து ஜன்னலோரம் போட்டுக்கொண்டார். இந்த ஹாலை விடுவதில்லை என்று அப்போதே மனசுக்குள் முடிவெடுத்துவிட்டேன்.

திருவொற்றியூரிலிருந்து மெட்ரோவில் திரும்பினோம். காசிமேட்டில் அவர்கள் தெருவுக்குள் நுழையும்போது ஆறரை. தாத்தாவை எடுத்துவிட்டிருந்தார்கள். தெரு முழுக்கச் சாமந்தியும் வெடித்த சிவப்புக் காகிதமும். ஆண்டனி அதன்மேல் நடந்து வீட்டுக்குள் போனார்.

கூட்டத்தில் ஒப்புக்கொள்ள வைக்க நான் இரண்டு முறை மறுபடி சாத்தாங்காட்டுக்குப் போக வேண்டியிருந்தது. ஹாலோடு இருபது நாற்காலி, இரண்டு மின்விசிறி, சனிக்கிழமை காலையில் ஆட்களைக் கூட்டிவர சந்தை டெம்போ ஒன்று, எல்லாம் மகமையிலிருந்து. பெயர்ப் பலகை வைக்கட்டுமா என்று கேட்டதற்கு, “மகமைக்குப் பேர் போடுற வழக்கம் இல்லைக்கா,” என்று சிரித்தார் பொன்ராஜ். முதல் சனிக்கிழமை ஏழு பேர் வந்தார்கள். அதில் வியாசர்பாடிக்காரர் ஒருவருக்கு இந்த இடம் ஒத்துக்கொள்ளவே இல்லை, பத்து நிமிடத்தில் இறங்கிப் போய்விட்டார். இது எல்லோருக்கும் மருந்து ஆகாது என்று ஆலோசகரும் சொல்கிறார். இறங்கிப் போனவரைப் புதன்கிழமைகளில் அவர் வீட்டிலேயே போய்ப் பார்க்கிறோம். ஆலோசகர் கட்டணத்துக்கு இன்னும் வழி பிறக்கவில்லை. காட்டுப்பள்ளி அதிகாரி எழுதி அனுப்பிவிட்டதாகச் சொன்னார், பதில் வரவில்லை. வரும்வரை மாதம் ஒரு தடவை அந்தத் தொள்ளாயிரம் ரூபாய் ஆட்டோவில் ஏறுவதாக இருக்கிறேன்.

இதே வேலையாக அலையப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பெரிய நிறுவனத்துக்குப் போகும்போது வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி, சமூகப் பொறுப்பு நிதி வாங்குவதற்கான சிஎஸ்ஆர்-1 பதிவுகளின் நகலைக் கையோடு கொண்டுபோங்கள், அவை இல்லாமல் வாசலோடு திரும்ப வேண்டியிருக்கும். காலையில் தொலைதூரத்தை முடித்துவிட்டு மதியத்துக்கு மேல் சந்தைக்குப் போங்கள், லோடு இறங்கும் நேரத்தில்தான் கடைக்காரர்கள் கடையில் இருப்பார்கள். வியாபாரிகளிடம் பணமாகக் கேட்காதீர்கள், என்ன பொருள் வேண்டுமென்று சொல்லிக் கேளுங்கள். ஷூ போட்டுப் போங்கள், தரையெல்லாம் இரும்புச் சில். எல்லாவற்றுக்கும் மேலாக, யாருக்காகக் கேட்கிறீர்களோ அவரிடம் முதலில் கேளுங்கள். எங்கள் எட்டுப் பேருக்கும் அமைதிதான் வேண்டும் என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன். ஒருவரிடமும் கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். சமையலறை வாசலில் உட்கார்ந்து அவளோடு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஆண்டனி உள் அறையில் இருந்தார், கதவு திறந்திருந்தது. அடுப்பில் குக்கர் ஆவி விடத் தொடங்கி, மேலே வெயிட் லேசாக ஆடியது. கத்தியை வைத்துவிட்டு ஸ்டெல்லா அறைப் பக்கம் திரும்பி உரக்கச் சொன்னாள்.

“வருது!”

உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது.

“போடு!”

அதன் பிறகுதான் விசில் அடித்தது.